வெள்ளைப் பாட்டிக்குப் பிறந்த வீடு எது

முப்பத்து நாலு வருஷம் ஒரே தையல் கடையில் காஜா எடுத்த பெண்பிள்ளை ஒருத்தி. கடையில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் காஜாக்கா. துணி வெட்டுகிறவர் கட்டிங் மாஸ்டர், தைக்கிறவர்கள் தையல்காரர்கள், பொத்தான் நுழைகிற ஓட்டைக்கு வாய் கட்டுகிறவள் இவள். பார்க்கிறவர்களுக்கு அற்ப வேலை. ஆனால் தைத்து முடித்த சட்டையில் கத்தரியை வைத்த பிறகு பின்வாங்க வழியில்லாத வேலை அது. அதனாலேயோ என்னவோ, அவளுக்கும் பின்வாங்கத் தெரியாது. தையல் ஒரு நூல் தடித்துவிட்டால் மொத்தத்தையும் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவாள். "போடறவன் அதைப் பார்க்கவா போறான்?" என்று மாஸ்டர் சலித்துக்கொள்வார். அவள் காதில் விழாது. உடும்புப் பிடி என்பார்களே, அந்தப் பிடி.

அந்த உடும்பு, எப்போதோ செத்துப்போன ஒரு துரைசாணியின் பேரில் போய் மாட்டிக்கொண்டது. அந்தக் கதைதான் இது.

காஜாக்காவுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. மாடியில் இரண்டு அறை வீடு. ஜன்னலோரக் கட்டிலில் எண்பத்திரண்டு வயது அம்மா. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு விட்டுப்போனதிலிருந்து அம்மாவுக்குக் கால் வேலை செய்யாது. கால் செய்கிற வேலையையும் சேர்த்து வாய் செய்தது. குழாய் ரிப்பேர் பார்க்கிற தம்பி ஒருவன், இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம். இவ்வளவுதான் குடும்பம்.

இல்லை, இன்னொருத்தி உண்டு. காஜாக்கா பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்ட அக்கா. அம்மா அவளைப் "பெரியவ" என்றுதான் சொல்வாள். ஐம்பத்தெட்டு வருஷமாக மண்ணுக்குள் இருக்கிற பிள்ளை, வீட்டுக்கு என்றைக்கும் பெரியவள்தான்.

பெரியவளைப் புதைத்த இடம் பழைய கல்லறைத் தோட்டம். மேட்டுச் சரிவில், இரும்புக் கம்பி வேலி போட்ட ஒரு சதுரம். அதன் கதவில் ஒரு பேர், வார்ப்பிரும்பில். கதவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடும் அந்தப் பேரை மூச்சு விடாமல் முழுசாகச் சொல்லக் குடும்பத்தில் ஒருத்தருக்கும் நாக்கு வளைந்ததில்லை. அதனால் அதை 'நெட்டைப் பேர்' என்பார்கள். உள்ளே பழைய கல்லெல்லாம் கப்பலேறி வந்த வெள்ளைக்காரர்கள். அதற்குப் பிறகு ஒரு துரைசாணி. அவள் பக்கத்தில் அவள் கட்டிக்கொண்ட உள்ளூர்த் தச்சர். அப்புறம் அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள், கடைசியாகப் பெரியவள். அந்தத் துரைசாணி அம்மாவுக்குக் கொள்ளுப்பாட்டி. குடும்பத்தில் அவள் வெள்ளைப் பாட்டி. "அது வெள்ளைப் பாட்டியோட பொறந்த வீட்டு இடம், அதனால நம்ம இடம்" என்று நாலு தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். கேட்பாரும் இல்லை, மறுப்பாரும் இல்லை. நெட்டைப் பேர்க்காரர்கள் எல்லாரும் எப்போதோ வந்த வழியே கப்பலேறிப் போய்விட்டார்கள்.

படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சு. "என்னைப் பெரியவ பக்கத்துல வச்சிடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"சரிம்மா."

"சரின்னு வாயால சொல்லாத. போய் இடத்தைப் பார்த்துட்டு வா."

போய்ப் பார்த்தால் வேலிக் கதவில் ஒரு நோட்டீஸ் தொங்கியது. தோட்டத்துக்குப் புதுசாக நிர்வாகக் கமிட்டி வந்திருக்கிறது. குடும்ப இடம் வைத்திருப்பவர்கள் வருஷக் கடைசிக்குள் தங்கள் உரிமையைக் காகிதத்தோடு காட்டவேண்டும். காட்டாத வேலிக்குள் இனிமேல் யாரையும் புதைக்க முடியாது.

கமிட்டிச் செயலாளர் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேசும்போதும் கையில் அடிக்கோல் வைத்திருப்பார். தோட்டத்து வாசல் அறையில் மேஜை முழுக்கக் கல்லறைகளின் வரைபடம்.

"உங்களுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் என்னம்மா உறவு?"

காஜாக்கா சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பழைய விதி ஒண்ணு இருக்கு. இடம் வாங்கினவர் எழுதி வச்சது. அவர் வீட்ல பொறந்த பொண்ணுங்க, அவங்க வாரிசு, எத்தனை தலைமுறையானாலும் உள்ள வரலாம். ஆனா கட்டிக்கிட்டு வந்த மருமக வேற இடத்துல மறுகல்யாணம் பண்ணிக்கிட்டா, அந்தப் பிள்ளைங்களுக்கு இடம் இல்ல. உங்க வெள்ளைப் பாட்டி வீட்டுப் பொண்ணா, வீட்டுக்கு வந்த பொண்ணா? அதை மட்டும் காட்டுங்க. நாளைக்கே முத்திரை போட்டுத் தர்றேன்."

"வீட்டுப் பொண்ணுதான் சார். ஊருக்கே தெரியும்."

"ஊர் வேணாம்மா. காகிதம் வேணும். கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க பேர் என்னன்னு ஒரே ஒரு காகிதம்."

ஒரே ஒரு காகிதம்! வாய்க்கு எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

வெள்ளைப் பாட்டியின் கல்லில் பார்த்தால் 'தச்சரின் அன்பு மனைவி' என்று இருக்கிறது. அவள் பேரும் இல்லை, அப்பன் பேரும் இல்லை. பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஜன்னல் என்று வைத்திருக்கிறார்களே, அது நெஞ்சுயரத்தில் ஒரு பொந்து. கூன் விழுந்தவர்களுக்காக யாரோ கருணையோடு வைத்தது போலிருக்கும். அதற்கு அந்தப் பக்கம் ஒரு குமாஸ்தா. எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "நாளைக்கு வாங்க". அன்றே காஜாக்கா மனசுக்குள் அவருக்கு 'நாளைக்குக்காரர்' என்று பேர் வைத்துவிட்டாள்.

"எந்த வருஷம்?"

"தெரியாது சார். அம்மாவோட கொள்ளுப்பாட்டி."

"கொள்ளுப்பாட்டின்னு ஒரு வருஷம் கிடையாதும்மா. நாளைக்கு வாங்க."

இப்படிப் பதினோரு 'நாளைக்கு'. அரை நாள் விடுப்பு, அரை நாள் விடுப்பு என்று போட்டுப் போட்டு, கடையில் காஜா எடுக்காத சட்டைகள் மலையாகக் குவிந்தன. மாஸ்டர், "காஜாக்கா, உன் பாட்டி செத்து நூறு வருஷமாச்சு. இந்தச் சட்டைக்காரனுக்கு நேத்தே கல்யாணம் முடிஞ்சுபோச்சு" என்றார். அவள் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு அடுத்த சட்டையை இழுத்தாள்.

பன்னிரண்டாவது தடவை ஒரு காகிதம் கிடைத்தது. வெள்ளைப் பாட்டிக்குத் தச்சர் மூலம் மகள் பிறந்தபோது எழுதிய பிறப்புப் பதிவின் நகல். அதில் 'தாயின் பிறந்த வீட்டுப் பேர்' என்று ஒரு கட்டமே இருந்தது. காஜாக்காவுக்கு ஒரே சந்தோஷம். அந்தக் கட்டத்தில் நெட்டைப் பேரைத் தேடினாள். அங்கே கட்டத்தில் கால்வாசியைக்கூட நிரப்பாமல், சுண்டு விரல் நீளத்துக்கு ஏதோ ஒரு குட்டைப் பேர் உட்கார்ந்திருந்தது.

"சார், இது எங்க பாட்டி இல்ல."

"தச்சர் பேர் சரியா?"

"சரி."

"தெரு சரியா?"

"சரி."

"அப்ப உங்க பாட்டிதான். அடுத்தவங்க வாங்க."

அதையும் கொண்டுபோய்ச் செயலாளரிடம் காட்டினாள். மறைக்கத் தெரிந்தால்தானே! அவர் அடிக்கோலை அந்தக் குட்டைப் பேருக்குக் கீழே வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேற பேராச்சே. கல்யாணப் பதிவு கொண்டாங்க, அதுதான் அசல்" என்றார்.

கல்யாணப் பதிவின் நகலுக்கு இன்னும் ஒன்பது 'நாளைக்கு'. அது வந்தபோது அதில் மணமகளின் பேரோடு சாட்சாத் நெட்டைப் பேரே வந்தது, வேலிக் கதவில் உள்ளபடி, ஒரு எழுத்துக் குறையாமல். காஜாக்கா அன்றைக்குப் படியை இரண்டிரண்டாக ஏறினாள். அம்மா படுத்தபடியே, "நான்தான் சொன்னேனே. உங்களுக்கெல்லாம் பெத்தவ பேச்சைவிடக் காகிதம் பெரிசு" என்று பெருமையாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் செயலாளர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணுல குட்டை, ஒண்ணுல நெட்டை. ரெண்டுல ஒண்ணு தப்பு. எது சரின்னு பதிவு அலுவலகத்துல ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க."

நாளைக்குக்காரர் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான்.

"எது சரின்னு நாங்க சொல்லக்கூடாதும்மா. என்ன எழுதியிருக்குன்னுதான் சொல்லுவோம்."

"எழுதினது நீங்கதானே?"

"நானா? நான் என்ன நூத்திருபது வயசுக் கிழவனா?"

செயலாளர் கடிதம் கேட்கிறார், குமாஸ்தா கடிதம் கிடையாது என்கிறார். இவர் அவரைக் கேள் என்பார், அவர் இவரைக் கேள் என்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றாலும் மத்தளத்துக்கு நடக்கிற வேலையாவது இல்லை. காஜாக்காவுக்குச் செருப்பு இரண்டு ஜோடி போயிற்று. இதற்கு நடுவில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரம் ஆஸ்பத்திரி. அந்த வாரம் முழுக்க காஜாக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வருஷக் கடைசிக்கு எத்தனை நாள் பாக்கி என்று எண்ணிக்கொண்டிருந்தாள். தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "விடுக்கா. எங்க வச்சா என்ன, மண்ணு மண்ணுதானே" என்றான்.

"அதை உள்ள போய் அம்மாகிட்டச் சொல்லு."

அவன் எழுந்து மருந்து வாங்கப் போனான்.

மறுவாரம் அவள் பொந்து வழியாகக் கையை நீட்டி, அசல் புத்தகத்தையே பார்க்கவேண்டும் என்று மனுவை வைத்தாள். "நாளைக்கு" என்று அவர் தொடங்குவதற்குள், "இன்னிக்கு நான் இங்கதான் உட்காரப் போறேன். நீங்க பூட்டிட்டுப் போனா உள்ள வச்சுப் பூட்டுங்க" என்று தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் காஜா கட்ட ஆரம்பித்தாள். வரிசையில் நின்றவர்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். மூன்று மணிக்கு நாளைக்குக்காரர் எழுந்து வந்து, "ஏம்மா மானத்தை வாங்கறீங்க? உள்ள போங்க, பைண்டர் இருப்பார்" என்றார்.

பதிவறை முழுக்க இரும்பு அலமாரி. பழைய பசையும் பூச்சி மருந்தும் கலந்த வாடை. நடுவில் ஒரு நீள மேஜையில், கிழிந்த பதிவேடுகளுக்கு முதுகு ஒட்டிக்கொண்டு ஒரு பைண்டர். விரலெல்லாம் காய்ந்த பசை. பேசப் பிடிக்காத மனுஷன். அவள் சொன்ன வருஷத்துப் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்து, "ஓரத்தைப் பிடிச்சுப் புரட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளைப் பாட்டியின் கல்யாணம் இருந்த பக்கத்தை அவள் கண்டுபிடித்தாள். நெட்டைப் பேர். அதற்குக் கீழே, கோல் வைத்துப் போட்ட மாதிரி, சின்னதாக ஒரு சிவப்பு மைக் கோடு. நகலில் இந்தக் கோடு இல்லை.

காஜாக்காவின் கண் கோடு பார்த்துப் பழகிய கண். எங்கே வெட்டவேண்டும், எங்கே வெட்டக்கூடாது என்று மாஸ்டர் சாக்குக்கட்டியால் போடுகிற கோட்டை வைத்துத்தான் அவள் பிழைப்பு. காரணமில்லாமல் ஒருத்தன் கோடு போடமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த பக்கம் புரட்டினாள். நாற்பது மணமகள்களில் ஐந்தாறு பேருக்குக் கீழே அதே சிவப்பு. மாப்பிள்ளைகள் ஒருத்தருக்கும் இல்லை.

"அண்ணே, இந்தச் சிவப்பு எதுக்கு?"

பைண்டர் எட்டிப் பார்த்தார். "அதுவா. விதவைக் கோடு."

"என்னது?"

"அந்தக் காலத்துல அச்சடிச்சு வந்த புத்தகத்துல, பொண்ணுக்கு இது ரெண்டாம் கல்யாணமான்னு எழுத கட்டம் கிடையாது. வருஷக் கடைசில எத்தனை விதவைங்க மறுபடி கட்டிக்கிட்டாங்கன்னு மேலிடத்துக்குக் கணக்கு மட்டும் போகணும். அதனால எழுதறவர் சிவப்புல ஒரு இழுப்பு இழுத்துடுவார். கணக்கு எடுக்கறவர் படிக்க வேணாம், சிவப்பை எண்ணினாப் போதும். எனக்கு முன்னாடி இருந்த பைண்டர் சொன்னது. இப்ப இதை யாரும் கேக்கறதில்ல."

"நகல்ல ஏன் இல்ல?"

"நகல் எடுக்கறவங்க எழுத்தைத்தான் எடுப்பாங்க. கோட்டை யார் எடுப்பா?"

காஜாக்கா வெள்ளைப் பாட்டியின் பக்கத்துக்கே திரும்பப் புரட்டினாள். அப்படியென்றால் தச்சரைக் கட்டும்போது வெள்ளைப் பாட்டி ஏற்கனவே ஒருத்தனுக்கு வாழ்க்கைப்பட்டவள். நெட்டைப் பேர் அப்பன் கொடுத்த பேரில்லை; முதல் புருஷன் கொடுத்த பேர். பிறப்புப் பதிவில் குட்டைப் பேர் எப்படி வந்தது என்றும் பைண்டரே சொன்னார். குழந்தை பிறந்ததை வந்து எழுதிப் போட்டவள் மருத்துவச்சி. பிரசவ அறையில் மருத்துவச்சியிடம் யாரும் பவிசு காட்ட மாட்டார்கள். உன் அப்பன் வீடு எது என்று கேட்டிருப்பாள், வெள்ளைப் பாட்டி வலியோடு வலியாக உண்மையைச் சொல்லியிருப்பாள்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். உடும்பாயிற்றே! "அந்த முதல் கல்யாணத்தையும் பார்க்கணும்ண்ணே" என்றாள். பைண்டர் பெருமூச்சு விட்டார். ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் ஆர்வம் வந்துவிட்டது போல. ஏழு புத்தகம் எடுத்துப் போட்டார். எட்டாவதில், தச்சர் கல்யாணத்துக்கு ஒன்பது வருஷம் முன்னால், அது இருந்தது. மாப்பிள்ளை நெட்டைப் பேர். பொண்ணு குட்டைப் பேர். பொண்ணின் தகப்பன் என்ற கட்டத்தில் ஒரு கறுப்புக் கோடு மட்டும். தகப்பன் இல்லை. அந்தக் குட்டைப் பேரும் பெற்றவன் கொடுத்ததா, தூக்கி வளர்த்தவர்கள் கொடுத்ததா, அதற்கு மேல் போக வழியில்லை.

ஆக, இத்தனை மாசம் அலைந்து அவள் கண்டுபிடித்தது என்ன? வெள்ளைப் பாட்டி வீட்டுப் பெண் இல்லை, வந்த பெண். அம்மாவுக்கு அந்த வேலிக்குள் இடம் கிடையாது என்பதை அம்மாவின் மகளே ஆதாரத்தோடு நிரூபித்துவிட்டாள். கிணறு வெட்டினால் பூதம் கிளம்பும் என்பார்கள். இவள் தன் கையாலேயே பூதத்துக்குப் படி வெட்டிக் கொடுத்திருக்கிறாள்.

இதில் எரிச்சலின் உச்சம் ஒன்று உண்டு. அவள் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வரும்போது நாளைக்குக்காரர் பொந்திலிருந்து தலையை நீட்டினார். "இந்தாங்கம்மா, உங்களோட போராட முடியல. 'கல்யாணப் பதிவின்படி மணமகளின் பேர் இது'ன்னு எழுதிக் கடிதம் போட்டுட்டேன். மேலதிகாரி கையெழுத்தும் ஆச்சு. இதுக்கு மேல இங்க வராதீங்க." நெட்டைப் பேர், முத்திரையோடு. எத்தனையோ நாளாகக் கேட்டது, வேண்டாத நேரத்தில் கையில் வந்து விழுந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் தம்பி கடிதத்தைப் படித்துவிட்டுத் துள்ளினான். அவள் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னாள்.

"அந்தக் கோட்டை யார் பார்த்தா?"

"நான் பார்த்தேன். பைண்டர் பார்த்தார்."

"பைண்டர் வந்து சாட்சி சொல்லப் போறாரா? நீ வாயை மூடிக்கிட்டுக் கடிதத்தைக் குடு. பொய் சொல்ல வேணாம். கடிதத்துல இருக்கறது பொய்யா? அந்தப் பேர் அங்க எழுதியிருக்கா இல்லியா?"

அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே, "அவ வந்தவளா இருந்தா என்ன, பொறந்தவளா இருந்தா என்ன? என் புள்ள அங்க இருக்கா. எனக்கு அது போதும்" என்றாள்.

காஜாக்கா கடிதத்தை மடித்து வைத்தாள். அம்மா சொன்னதிலும் தப்பில்லை. தம்பி சொன்னதிலும் பெரிய தப்பில்லை. காலையில் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். கொடுத்துவிடுவது என்றுதான் கிளம்பினாள்.

செயலாளர் கடிதத்தைப் படித்தார். முகம் மலர்ந்தது. முத்திரையை மைப் பெட்டியில் அமுக்கிக்கொண்டே, ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"இதுல ஒரு கையெழுத்து. 'தச்சரின் மனைவியான இவர் இக்குடும்பத்தில் பிறந்த பெண் என நான் அறிந்து உறுதியளிக்கிறேன்.' வழக்கமா வாங்கறதுதான்."

பேனாவை எடுத்தாள். எழுதுகிற இடத்தில் மை ஒரு புள்ளி விழுந்தது. அங்கேயே நின்றது.

அவளுக்குப் பயமில்லை. யாருக்கும் தெரியப் போவதில்லை என்பதும் தெரியும். கோபம்தான் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். ஒரு பொம்பளை இருந்தாள். அப்பன் கட்டத்தில் கோடு. ஒரு புருஷன் பேரில் ஒன்பது வருஷம், இன்னொரு புருஷன் பேர் கல்லில். அவளுக்கென்று இருந்தது அந்தக் குட்டைப் பேர் ஒன்று. அது உலகத்தில் இரண்டே இடத்தில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்தவளே இப்போது அது இல்லை என்று கையெழுத்துப் போடவேண்டும். இதற்கா இத்தனை நடை?

பேனாவை மூடி வைத்தாள்.

"சார், அவ வந்த பொண்ணு சார்."

முத்திரை அந்தரத்தில் நின்றது. "என்னம்மா?"

எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு விடவில்லை. "ஆனா நீங்க ஒண்ணு யோசிங்க. தச்சரைக் கட்டிக்கிட்ட பிறகுதான் அவ செத்தா. கல்லுல தச்சர் பொண்டாட்டின்னே இருக்கு. அந்தக் கல்லு வேலிக்கு உள்ளதான இருக்கு? அப்ப நெட்டைப் பேர்க்காரங்க இந்த ஊர்லதான் இருந்தாங்க. அவங்க மருமகதான்னு தெரிஞ்சே உள்ள வச்சிருக்காங்க. தச்சரையும் வச்சிருக்காங்க. விதியைப் போட்டவங்களே விட்டாங்க, நீங்க விடமாட்டீங்களா?"

செயலாளர் நல்ல மனுஷன்தான். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அடிக்கோலை உருட்டிக்கொண்டே, "அவங்க சம்மதிச்சதுக்குக் காகிதம் இருக்கா?" என்றார்.

"கல்லு இருக்கே."

"கல்லுல முத்திரை இல்லம்மா."

"வார்த்தை இருக்கே!"

"உள்ள இருக்கறவங்களை யாரும் தொடமாட்டாங்க. அது உறுதி. ஆனா புதுசா ஒருத்தரை விட முடியாது. நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். அவள் தன் இரண்டு நகலையும் கடிதத்தையும் அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் நடந்ததைக் கேட்கவேண்டுமே. தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைச்சிட்டு வந்து நிக்கறியே அக்கா! யாரோ ஒரு வெள்ளைக்காரிக்காகப் பெத்த தாயை..." அம்மா கத்தவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்று நாள் பேச்சில்லை. கொடுத்த கஞ்சியைக் குடித்தாள், கொடுத்த மருந்தை விழுங்கினாள். அந்த வாய் மூடிக் கிடந்தது வீட்டுக்கே தாங்கவில்லை. கடையில் காஜாக்கா ஒரு சட்டையில் ஆறு காஜாவுக்குப் பதில் ஏழு வெட்டிவிட்டாள். முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவை. மாஸ்டர் அந்தச் சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மடித்து மேஜைக்கடியில் வைத்துவிட்டார்.

நாலாம் நாள் காலையில் தலை வாரிவிடும்போது அம்மா திடீரென்று, "உள்ள இருக்கறவங்களைத் தொடமாட்டாங்கன்னானா அந்த ஆளு?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நாம தொட்டா?"

"என்னம்மா சொல்ற?"

"நான் உள்ள போகக்கூடாதுன்னா என் புள்ளையை வெளிய கொண்டுட்டு வாடி. அவளை ஏன் யாரோ வீட்டு வேலிக்குள்ள போட்டு வச்சிருக்கோம்? நம்ம வீடு இல்லன்னுதான் தெரிஞ்சுபோச்சே. புது இடத்துல எனக்கு ஒரு குழி, அவளுக்கு ஒரு குழி. என்ன, பேந்தப் பேந்த முழிக்கற? சீப்பை இழு, வலிக்குது."

காஜாக்காவுக்கு இது எத்தனை மாச வேலையோ என்றுதான் தோன்றியது. மறுபடியும் பதிவு அலுவலகம், மறுபடியும் அந்தப் பொந்து என்று நினைத்துக்கொண்டே செயலாளரிடம் போனாள். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்தார். யாரை எடுக்கிறீர்கள், என்ன உறவு, எங்கே கொண்டுபோகிறீர்கள். மூன்றே கேள்வி.

"வேற ஒண்ணும் வேணாமா? அப்பா பேர், பாட்டி பேர், பொறந்த வீடு?"

"எதுக்கும்மா? உள்ள வர்றதுக்குத்தான் அதெல்லாம். வெளிய போறதுக்கு என்ன?"

சிரிப்பதா, அந்த அடிக்கோலைப் பிடுங்கி இரண்டாக உடைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. 'உறவு' என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதினாள். பார்த்திராத அக்காவுக்குத் தங்கை என்று அவள் எழுதிய முதல் காகிதம் அது. எட்டாம் நாள் அனுமதி வந்தது.

புதைகுழி தோண்டுகிறவர் ஒருத்தரும் தம்பியும் அவளும் விடியற்காலையில் போய் எடுத்தார்கள். ஐம்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு பெரியதாக என்ன இருக்கும்? ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கிய மண்தான். தம்பிதான் தூக்கிக்கொண்டான், யாரையும் தொடவிடவில்லை. அவ்வளவு வாய் பேசியவன், வண்டியில் வழி நெடுகப் பெட்டியை மடியில் வைத்து, குலுங்காமல் பிடித்துக்கொண்டே வந்தான்.

புதுக் கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, வெறும் பொட்டல். வரிசை வரிசையாக எண் எழுதிய மரக்குச்சிகள். வேலியும் இல்லை, எந்தப் பேரும் இல்லை. பெரியவளைப் புதைத்துவிட்டுப் பக்கத்துக் குச்சியை அம்மாவுக்கென்று எழுதி வைத்தார்கள். மறுநாளே அம்மா, "என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு, உங்க பேச்சை நம்ப முடியாது" என்று பிடிவாதம் பிடித்தாள். நாற்காலியோடு தூக்கி, தம்பியும் வண்டிக்காரரும் படியிறக்கினார்கள். அம்மா வழியெல்லாம் அவர்களைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

அங்கே போய் நாற்காலியை இறக்கியதும் வாய் நின்றது. புது மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குனிய முடியாத இடுப்பு. மடியில் வைத்துக் கொண்டுவந்த பழைய கைத்தடியின் நுனியால் அந்த மண்ணை மெல்லத் தட்டிக் கொடுத்தாள். அப்புறம் நிமிர்ந்து கண்ணுக்கு மேல் கையை வைத்துச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஏண்டி, ஒரு நிழல் கூட இல்லியே இங்க? அங்க சரிவுல மரமாவது இருந்துச்சு. புள்ளையை இந்த வெயில்ல கொண்டாந்து போட்டிருக்க."

"மரம் வைக்கலாம்மா."

"நான் வர்றதுக்குள்ள அது வளர்ந்துடுமா?"

"நீ மெதுவா வா" என்றாள் காஜாக்கா.

அம்மா அவளை ஒரு முறை முறைத்தாள். "எனக்கென்ன அவசரம்?" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்து, "வர்ற வழியில செடி விக்கிற கடை ஒண்ணு பார்த்தேன். வண்டியை அங்க நிறுத்தச் சொல்லுடா. நிழல் குடுக்கற மரமா நான் பார்த்து எடுக்கறேன். உங்க அக்காகிட்ட விட்டா அது எந்த வீட்டு விதைன்னு கேட்டுக்கிட்டு நிப்பா" என்றாள்.